தொகையைச் சொன்ன பிறகு

ஒரு வேலைக்கு இவ்வளவு ஆகும் என்று தொகையைச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்போதாவது சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களா நீங்கள்? கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் தெரியும். பிரசவ வலியையே ‘சரி, இதுவும் ஒரு வேலை’ என்று தாண்டி வந்தவள் சுகந்தி. அவளுக்கே சென்னியப்பன் வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த அந்தக் காலை நேரம் தாங்க முடியாததாக இருந்தது. சொல்லியாயிற்று. அவர் கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டுக்கு வயரிங், மேல்தளத்துக்குக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் கம்பிக்குள் பைப் விடுவதிலிருந்து கடைசி சுவிட்சுக்கு மூடி போடுகிறவரைக்கும், எல்லாம் சேர்த்து இவ்வளவு ஆகுங்க என்று வாய்விட்டுச் சொல்லி, கொட்டேஷன் தாளை இரண்டு கையாலும் நீட்டியாயிற்று. இனி வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். சொல்லு, நிறுத்து, காத்திரு. பயிற்சி வகுப்பில் ஜெயசீலன் சார் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப்போட்டது. மொதல்ல வாயத் திறக்கறவங்க இறங்கிட்டாங்கன்னு அர்த்தம் என்று அதற்கு விளக்கமும் சொன்னார். சென்னியப்பன் விசைத்தறிக்காரர். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அதிர்வு தரை வழியாக ஏறி நாற்காலிக் காலுக்கு வந்து அவள் தொடைவரைக்கும் வந்தது. அவர் புருவத்திலும் காது மயிரிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. தாள் கையில் இருந்தாலும் தாளைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். புருவத்துல பஞ்சு இருக்குதுங்க என்று சொல்லலாமா? அது பேச்சில் சேருமா? சேரும். மழை வர்ற மாதிரி இருக்குதுன்னு சொன்னாக்கூடச் சேரும் என்று சார் சொல்லியிருக்கிறார். சேரட்டும், சொல்ல வேண்டாம். பஞ்சு அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். பஞ்சு அவரைக் கடிக்கவா போகிறது.

பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் அந்த வகுப்பு நடந்தது. மின் ஒப்பந்ததாரர்களுக்குத் தொழில் நடத்தும் பயிற்சி, முடிவில் தேர்வு, தேறினால் சான்றிதழ் என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். பந்தி மேசைகளில் வரிசையாக உட்கார வைத்ததும் பின்னாலிருந்து யாரோ ‘இலையப் போடுங்கப்பா’ என்று குரல்கொடுக்க, கூடமே சிரித்தது. அத்தனை பேரில் பெண்பிள்ளை என்று அவள் ஒருத்திதான். அவளும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் பந்தியில் தனியாக உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். வயர் கனம், எர்த், லோடு இதெல்லாம் அங்கே யாருக்கும் புதிதில்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்து, கல்யாணத்துக்குப் பிறகு புருஷனோடு சைட்டு சைட்டாகப் போய் பைப் வளைத்தவளுக்கும் புதிதில்லை. புதிது மற்றதெல்லாம். எந்த வேலை தொகைக்குள் வரும், எது வராது என்று முதலிலேயே எழுதுவது. நடுவில் வீட்டுக்காரம்மா வந்து இந்த சுவிட்சைக் கொஞ்சம் அக்கட்டால தள்ளிவெய்யி என்றால் சரி என்று தலையாட்டாமல் அதையும் எழுதி வாங்குவது. எல்லாவற்றுக்கும் மேலே, தொகையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது. ஜோடி ஜோடியாகப் பிரித்து ஒருத்தரை வீட்டுக்காரராகவும் ஒருத்தரைக் காண்ட்ராக்டராகவும் பேச விட்டார் சார். அவளுக்கு ஜோடி அங்குராஜ் அண்ணன். ஆள் பனைமரம் மாதிரி இருப்பார், குரலும் அப்படித்தான். தொகையைச் சிங்கம் மாதிரி சொல்வார். மூச்சு விடுவார். விட்ட மூச்சோடு கூடவே வந்துவிடும்: நீங்க பாத்துக் குடுங்கம்மிணி. சார் நெற்றியில் அடித்துக்கொள்வார். யாருங்க பாக்கறது, எதைப் பாப்பாங்க, உங்க வீட்டு அரிசி டப்பாவத் திறந்து பாப்பாங்களா என்பார். வாய் தானாப் போகுதுங்க சார், தாலி கட்டறப்பக்கூடப் பொண்ணோட அப்பங்கிட்ட இதத்தான் சொன்னனுங்க என்பார் அங்குராஜ் அண்ணன். அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் சுகந்தி. அப்புறம் அவள் முறை வந்தது. தொகையைச் சொன்னாள். அங்குராஜ் அண்ணன் வீட்டுக்காரராக மீசையைத் தடவிக்கொண்டு பார்த்தார். கூடம் மொத்தமும் பார்த்தது. அவளுடைய நாக்கு, அவளைக் கேட்காமல், பாத்துச் செய்யுங்கண்ணா என்றது. பாத்துட்டனம்மிணி, பாதி போட்டுக்கோ என்றார் அவர்.

தேர்வு நாளில் கன்னத்தின் உட்பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு தேறிவிட்டாள். சான்றிதழில் எல்லோருக்கும் போட்ட மாதிரி அவளுக்கும் ‘திரு. சுகந்தி’ என்று அடித்திருந்தார்கள். அத்தை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்ப எம்பட பையன் யாரக் கட்டீட்டு வந்திருக்கறான்னு அவனுக்குத் தெரியுமாம்மா என்று கேட்டார். இப்போதும் கன்னத்தைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் தேர்வில் எதிரே இருந்தவர் அங்குராஜ் அண்ணன். முடிந்ததும் பப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று தெரியும். சென்னியப்பன் என்ன செய்வார் என்று தெரியாது. அவர் தாளை மடித்தார். பிரித்தார். ஸ்டூலில் அவளுக்கு வைத்த டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. எடுத்துக் குடிக்கலாமா? குடித்தால் அதுவும் பேச்சில் சேருமா? கொள்ளை வெலையா இருக்குதே என்று நினைக்கிறாரோ. இத்தனூண்டு புள்ள வந்து இத்தனை பெரிய தொகை சொல்லுதே என்று நினைக்கிறாரோ. தொகை சரிதான். அவளுக்குத் தெரியும் சரிதான் என்று. அடுப்படிக்கு, மாடிக்கு, மோட்டாருக்கு என்று ஒவ்வொரு இடமாக நின்று அளந்து, ஒன்றுக்கு ரெண்டு முறை போட்டுப் பார்த்தது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு டேப்பின் ஒரு நுனியை அதன் கையில் கொடுத்து அளந்தது. பாப்பா நுனியை விட்டுவிட்டுக் கை தட்டும். மறுபடி அளக்க வேண்டும். அளவு சரியாக இருக்கிறது, வாய்தான் சரியாக இல்லை. வாய்க்குள் அந்த வார்த்தை வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரட்டுமா என்று நிற்கிற, விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி நின்றது. பாத்து.

பாத்து என்பது கெட்ட வார்த்தையா? அதுதான் அவளுக்கு வகுப்பிலேயே பிடிபடாமல் இருந்தது. பஸ் ஏற்றிவிட வந்த அம்மா ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு பாத்துப் போ கண்ணு என்பாள். பஸ்ஸை ஓட்டுகிறவர் வேறு யாரோ, இவள் பார்த்து என்ன ஆகப்போகிறது. ஆனாலும் அது இல்லாமல் பஸ் நகர்ந்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். கல்யாணத்தன்று அப்பா, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எதோ எங்களால முடிஞ்சதுங்க, புள்ளையப் பாத்துக்குங்க என்றார். பிரசவ அறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது அத்தை அந்த நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாத்துச் செய்யுங்க சாமி என்றார். அந்த நர்ஸ் பார்த்துத்தான் செய்தார். கையைக் கொடும்மா, அழுத்திப் பிடிச்சுக்கோ, எம்பட வெரலு ஒடைஞ்சாலும் பரவால்ல என்றார். அப்படிப் பார்க்கிறவர்களும் இருக்கத்தானே இருக்கிறார்கள். நம்மை முழுசாகத் தூக்கி இன்னொருத்தர் கண்ணில் வைத்துவிடுகிற வார்த்தை அது. அப்படி வைக்கும்போது ஒரு நிம்மதி இருக்கிறது. இனி என் பொறுப்பில்லை, நீ பார்த்துக்கொள். ஆனால் எல்லோருக்கும் பார்வை ஒன்றா. பாத்துக் குடுங்க, பாத்துக் குடுங்க என்று சொல்லிச் சொல்லித்தான் மாமா மஸ்கட் போனார். மாமா என்றால் அவள் புருஷன் கனகராசு. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சுவரில் பைப் பதிக்கக் காடி அடித்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அவர் வயரிங் செய்த வீட்டில் விளக்கு எரியும், மிக்சி ஓடும், கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம் யாரு எலக்ட்ரீசியன் என்று கேட்பார்கள். கடைசியில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்பார், எவ்வளவுப்பா ஆச்சு என்றால் தரையைப் பார்ப்பார். அதென்னங்க, நீங்க பாத்துக் குடுங்க. அவர்கள் பார்ப்பார்கள். அவர்கள் பார்வை எப்போதும் கொஞ்சம் கிட்டப்பார்வை. வயர் வாங்கின கடைக்குப் போக மிச்சம் வீடு வராது. வயிற்றில் பாப்பாவோடு அவள் பைப் திரும்புகிற மூலைக்குப் பெண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பாள், ஏனுங்க மாமா இப்படி என்பாள், மனுசங்கதான புள்ள, பாக்காமயா போயிருவாங்க என்பார். அவருக்குக் கோபமே வராது. அதுதான் அவளுக்குப் பிடித்ததும். அதுதான் அவரை விமானம் ஏற்றினதும்.

தறிகளில் ஒன்று நின்றது. நூல் அறுந்திருக்கும். மற்றதெல்லாம் ஓடின, ஆனால் அந்த ஒன்று விட்ட இடம் காதில் பள்ளமாகத் தெரிந்தது. சென்னியப்பன் தலையை அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்துக் கேட்டார், அது மறுபடி ஓடியதும் தலை நிமிர்ந்து மறுபடி அவளைப் பார்த்தார். எதையோ எதிர்பார்க்கிற பார்வை. அவள் மடியிலிருந்த பைக்குள் போன் அதிர்ந்தது. மாமாதான். இந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். பைக்குள் கையை விட்டு எடுக்காமல், அதன்மேல் உள்ளங்கையை மட்டும் வைத்தாள். பாப்பா வயிற்றுக்குள் உதைத்தபோது வைத்த மாதிரி. பாப்பாவுக்கு அப்பா என்றால் போன்தான். சார்ஜ் இறங்கினால் அப்பாவுக்குப் பசிக்குது என்று எடுத்துக்கொண்டு ஓடி வரும். போன வருசம் மாமா லீவில் வந்து, அத்தனை ஆசையாகக் கையை நீட்டியபோது, பாப்பா நிறைமதி வீல் என்று கத்தி அத்தையின் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டு, போனை எடுத்து முத்தம் கொடுத்தது. எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே பின்பக்கம் போய் முகம் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். கிளம்புகிற வாரத்தில்தான் பாப்பா அவர் மடியில் ஏறியது. ஏறினபோது இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. இப்போது கம்பெனியில் மறுபடி ரெண்டு வருசத்துக்கு ஒப்பந்தத் தாள் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். போட்டால் பாப்பா பள்ளிக்கூடம் போகிறபோதுதான் வருவார். நேற்றுச் சாயங்காலம் போனில் கேட்டார், என்ன பண்ணட்டும் சுகந்தி? அவர் கேட்டபோது அத்தை பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், பாப்பா கீரைக் காம்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. அவள் என்ன சொன்னாள்? இந்த வேலை கிடைத்தால் வந்துவிடுங்கள் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கிடைக்காவிட்டால்? வரச்சொல்லிவிட்டு இங்கே வேலை இல்லாமல் உட்கார வைத்தால்? அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், சொல்லாமல் தரையைப் பார்ப்பார், அதைத்தான் தாங்க முடியாது. அதனால் அவள் சிரித்துக்கொண்டே, உங்களுக்குத் தெரியாததுங்களா மாமா, நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க என்றாள்.

நீங்களே பாத்து. சென்னியப்பனின் பஞ்சுப் புருவத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, இப்போதுதான், தன் குரலிலேயே, அவளுக்கு அது கேட்டது. சாரிடம் அத்தனை திட்டு வாங்கி, கன்னத்தைக் கடித்துத் தேறி, ‘திரு.’ என்று பட்டமும் வாங்கி, வீட்டுக்கு வந்து புருஷனிடம் அதையே சொல்லியிருக்கிறாள். நேற்று மட்டுமா. முதல்தரம் போகும்போதும் அதுதான். போகட்டுமா புள்ள என்று கேட்டவரிடம், நீங்க பாத்துப் பண்ணுங்க மாமா. அவர் எதைப் பார்த்திருப்பார்? போகாதே என்பது அவள் முகத்தில் எழுதி ஒட்டியா இருந்தது? அவள் சிரித்த முகம். அம்மா வயிற்றிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்த முகம் என்பார்கள். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் இவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் தோன்றும். மனசுக்குள் இருப்பது அவள் பாட்டுக்கு உள்ளேயே இருந்தது, கான்கிரீட்டுக்குள் போன பைப் மாதிரி. மேலே சிமென்ட் பூசி, வெள்ளையடித்து, நல்லாருக்குது வீடு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது பேச வேண்டும் என்றாலும் பேச வராது போலிருந்தது, நல்லதுதான். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மாமா, ஒரு நிமிசம். கொஞ்சம் பொறுங்க மாமா. இந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லட்டும். வேண்டாம் என்றாவது சொல்லட்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? சொன்னால் சொல்லட்டும், ஊரில் இவர் ஒருத்தரா வீடு கட்டுகிறார். சோமனூர் ரோட்டில் மட்டும் எத்தனை வீட்டுக்குச் செங்கல் இறக்கியிருக்கிறார்கள். அப்படி நினைத்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பயம் இருந்தது, ஆனால் அது எழுந்து போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. டீயை எடுத்தாள். ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது, இனிப்பு மட்டும் அடியில் நிறைய இருந்தது.

“அப்பறம்?” என்றார் சென்னியப்பன்.

அவள் டம்ளரை வைத்துவிட்டு, அவ்வளவுதானுங்க என்றாள்.

“அவ்வளவுதானா? நீ இன்னும் முடிக்கலையேன்னில்ல நான் பாத்துட்டு உக்காந்திருக்கறன். பாத்துக் குடுங்கன்னு நீ சொல்லவே இல்லையே அம்மிணி. அதச் சொன்னாத்தான நான் கொறைச்சுக் கேக்க முடியும்.”

அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற அவர் சம்சாரம் தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் புள்ள டீயக்கூடத் தொடாம உக்காந்திருந்துது, நீங்க கோயல் செலையாட்டம் உக்காந்திருக்கறீங்க, ரெண்டு பேருக்கும் சாமி வந்துருச்சோன்னு நெனச்சன் என்றார். சுகந்திக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்ததோடு நிறுத்திக்கொண்டாள். சென்னியப்பன் இப்போதுதான் தாளைப் பார்த்தார். எது உள்ளே, எது வெளியே என்று எழுதியிருந்ததை விரலை வைத்துப் படித்தார். தறிக்கும் வீட்டுக்கும் தனித்தனி எர்த் போட்டிருப்பதைக் கேட்டார், ஏன் என்று அவள் சொன்னாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். கடைசியில், கொறைச்சுக் கேக்க எனக்கு வழியே விடல நீ, சரி, வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்குது, பைப் வேலைய ஆரம்பிச்சுரு என்றார். பிறகு சந்தேகம் வந்தவர் மாதிரி நிறுத்தி, கம்பி மேல ஏறி வேல பாக்கறதுக்கு ஆள் யாரு என்று கேட்டார். நானும், பைப்புக்கு அங்குராஜ் அண்ணனும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அங்குராஜ் அண்ணனிடம் அப்படித்தான் பேசி வைத்திருந்தாள்.

“பைப்புக்கு நானும் அங்குராஜ் அண்ணனுங்க. வயர் இழுக்கறதுக்கு எங்க வீட்டுக்காரர் வந்துருவாருங்க.”

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. திரும்ப எடுக்கத் தோன்றவில்லை. தனபாக்கியம் தட்டில் வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்தார். பழத்தப் பாப்பாவுக்குக் குடு கண்ணு என்றார். அவள் எழுந்து வாங்கிக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லி, வாசல் கடந்து, மணல் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டியருகே வந்து நின்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது. புது வீட்டின் மேல்தளத்தில் கம்பி கட்டுகிறவர்கள் யாரையோ கேலி பேசிக்கொண்டு குனிந்திருந்தார்கள். பழத்தை வண்டியின் கொக்கியில் மாட்டினாள். போனை எடுத்தாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

ஆபீஸில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றார் கனகராசு. மேனேஜர் ரெண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம். தாள் முன்னாலேயே இருக்கிறது, என்ன பண்ணட்டும் என்றார். பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம், யாரோ இந்தியில் பேசுகிற சத்தம். அதற்கு நடுவில் அவர் மூச்சு. தூரம் அத்தனையையும் தாண்டி அந்த மூச்சு மட்டும் எப்படித்தான் இத்தனை பக்கத்தில் கேட்கிறதோ.

“கையெழுத்துப் போடாதீங்க மாமா” என்றாள். “சென்னியப்பன் ஊட்டு வேலை நமக்கு ஆயிருச்சு. அது ஆகாட்டியும் நான் இதைத்தான் சொல்லியிருப்பன். பாப்பாவுக்கு நீங்க வேணும். எனக்கு வேணும்.”

இத்தனை வருசத்தில் அப்படி ஒரு பேச்சை அவர் அவளிடமிருந்து கேட்டதில்லை. திடுதிப்புன்னு கெளம்பச் சொன்னா எப்படி புள்ள என்றார். அம்மாவுக்கு ஒரு போர்வை வாங்கவில்லை, பாப்பாவுக்கு ஒரு பொம்மை வாங்கவில்லை, உனக்கு ஒரு சேலைகூட எடுக்கவில்லை, மஸ்கட்டிலிருந்து வருகிறவன் வெறுங்கையை வீசிக்கொண்டு ஊருக்குள் எப்படி வருவது என்றார்.

“எதும் வாங்கிட்டு வர வேண்டாங்க மாமா” என்றாள் சுகந்தி. “நீங்க வாங்க.”